கடலில் போன தம்பி, ஓடும்போது விழும் மகள்: ஜீன் டெஸ்ட் யாருக்கு முதலில்?

கேள்வி: காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் என் தம்பி, 22 வயதில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலில் மூழ்கிப் போனான். ஐந்து வயதிலிருந்து நீந்துகிறவன். அன்று பெரிய அலையும் இல்லை. அதற்கும் முன்பு, பெரியம்மா மகன் 17 வயதில் கால்பந்து ஆடும்போது விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இப்போது என் மகள், 11 வயது, பள்ளியில் ரிலே ஓடும்போது ஒரு தடவை, தெருநாய் துரத்தும்போது ஒரு தடவை மயங்கி விழுந்தாள். ஃபிட்ஸ் என்று சொல்லி வால்ப்ரோயேட் கொடுக்கிறோம். ஈசிஜியில் 'நார்மல்' என்று வந்திருக்கிறது, அதன் படத்தை அனுப்பியிருக்கிறேன். என் அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அவருக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதாக, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று, போன வருடம் சொன்னார்கள். எச்சிலை வைத்து 'இதய ஜீன் ஸ்கோர்' போட்டுத் தருகிறோம், வீட்டில் ஐந்து பேருக்கு எடுத்தால் தள்ளுபடி என்கிறது ஒரு லேப். எடுக்கலாமா? யாருக்கு வரும் என்று அது சொல்லிவிடுமா? என் கணவர் தாய்மாமன் மகன், விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். என் அக்காவும் அவருடைய அண்ணனைத்தான் கட்டியிருக்கிறாள். அக்கா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அடுத்த மாதம் அவனுக்குக் காக்ளியர் ஆபரேஷன், வீடே அலைச்சலில் இருக்கிறது. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது ஜீன் டெஸ்ட்டைப் பற்றி. நான் தொடங்க வேண்டியதோ போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரியிலிருந்து. அக்கா மகனுக்கு ஆபரேஷனுக்கு முன் ஈசிஜி எடுத்தாயிற்றா என்று இன்றைக்கே கேளுங்கள். எடுத்திருந்தால் அந்தத் தாளில் க்யூடிசி (ஒரு துடிப்பில் இதயத்தின் மின்சாரம் ஏறி இறங்க ஆகும் நேரம், துடிப்பின் வேகத்துக்குத் திருத்தியது) எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். மயக்க மருந்து டாக்டரிடம், "இந்தக் குடும்பத்தில் 22 வயதிலும் 17 வயதிலும் திடீர்ச் சாவு இருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போய்ச் சேர வேண்டும்.

காதுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்கிய பிறகும் மின்சாரத்தை இறக்கி, அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். பொட்டாசியம் தசையின் உயிரணுவிலிருந்து வெளியே போவதால்தான் அது நடக்கிறது. அது போகும் வாசல்களில் ஒன்றைக் கட்டுவது கேசிஎன்க்யூ1 என்ற ஜீன். உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் திரவத்துக்குப் பொட்டாசியம் தருவதும் இதே வாசல்தான். எந்த ஜீனும் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதென்றால் காது சமாளித்துக்கொள்ளும், இதயம் மட்டும் மின்சாரத்தை மெதுவாக இறக்கும். இரண்டுமே பழுதென்றால் பிறவிச் செவிடும் சேர்ந்து வரும், இதயக் கோளாறும் கடுமையாக இருக்கும். 1957இல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முதலில் எழுதினார்கள்.

உங்கள் வீட்டில் அக்கா தங்கை இருவரும் அண்ணன் தம்பி இருவரைக் கட்டியிருக்கிறீர்கள், அந்த அண்ணன் தம்பிகள் தாய்மாமன் பிள்ளைகள். ஆக, உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி தாத்தாவிடம் ஒரு பழுது இருந்திருந்தால், அது இரண்டு வழியாகவும் ஒரே குழந்தையிடம் வந்து சேர இடமுண்டு. தாய் தந்தை இருவரிடமும் ஒவ்வொரு பழுதுப் பிரதி இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பிறவிச் செவிடுக்கு இதைவிட மிகச் சாதாரணமான காரணங்கள் வேறு இருக்கின்றன, அக்கா மகனுக்கும் அதுவாகவே இருக்கலாம். ஆனாலும் ஈசிஜிக்குப் பத்து நிமிடம்தான். க்யூடிசி நீண்டிருந்தால் ஆபரேஷன் நின்றுபோகாது. முன்கூட்டியே மருந்து தொடங்கி, எந்த மயக்க மருந்து, எந்த வாந்தி ஊசி என்று பார்த்துத் தேர்ந்து, கண்காணிப்போடு செய்வார்கள். தெரியாமல் செய்வதுதான் ஆபத்து.

இனி உங்கள் மகள்.

நீங்கள் அனுப்பிய ஈசிஜி படத்தில் மேலே மெஷின் அச்சடித்த வரி 'நார்மல், க்யூடிசி 446' என்கிறது. அந்த வரியை மறந்துவிட்டு, இரண்டாவது லீடையும் வி5 லீடையும் (தாளில் II, V5 என்று குறித்த கோடுகள்) பாருங்கள். தாளில் ஒரு சின்னக் கட்டம் என்றால் 40 மில்லிசெகண்ட். கூரான முனைக்குச் சற்று முன், கோடு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து, பிறகு வரும் மேடான டி அலை இறங்கி அடிக்கோட்டைத் தொடும் இடம் வரை எண்ணினால் எனக்குப் பத்தே கால் கட்டம் வருகிறது, அதாவது 410 மில்லிசெகண்ட். இதுதான் க்யூடி. ஒரு கூர்முனைக்கும் அடுத்ததற்கும் நடுவே 18 கட்டம், 0.72 செகண்ட். துடிப்பின் வேகத்துக்குத் தக்கபடி திருத்த, க்யூடியை இந்த 0.72இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பாசெட் என்பவர் 1920இல் சொன்ன கணக்கு, இன்றும் அதுதான் புழக்கத்தில். 0.72இன் வர்க்கமூலம் 0.849. வகுத்தால் 483.

மெஷின் எங்கே தவறியது? உங்கள் மகளின் டி அலை அகலமாகப் படுத்துக்கொண்டு, இறங்கும் பக்கம் நீளமாக இழுக்கிறது. மெஷின் அந்த வாலை முன்னாலேயே வெட்டிவிட்டது. வித்தியாசம் ஒரு சின்னக் கட்டம்கூட இல்லை, ஆனால் 446 என்றால் வீட்டுக்கு அனுப்புவோம், 480க்கு மேல் என்றால் உட்கார வைப்போம். இதனால்தான் மயங்கி விழுந்த பிள்ளையின் ஈசிஜியைக் கையால் அளக்காமல் விடக் கூடாது. அதே சமயம் செல்போனில் எடுத்த ஒரு படத்தை வைத்து நான் நோயை முடிவு செய்யவும் கூடாது. தாள் சற்று வளைந்திருந்தாலே கணக்கு மாறும். இன்னும் இரண்டு ஈசிஜி வேண்டும், ஒன்று படுத்திருக்கும்போதும் சட்டென்று எழுந்து நின்றபோதும் சேர்த்து எடுத்தது. அவள் பயந்து துடிப்பு 100க்கு மேல் ஓடும்போது எடுக்க வேண்டாம், அந்த வேகத்தில் பாசெட் கணக்கு இல்லாத நீளத்தைக் காட்டும்.

இந்தச் சந்தேகத்துக்குப் பெயர் லாங் க்யூடி, அதாவது அந்த க்யூடி நேரம் நீண்டுபோகும் கோளாறு. சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. டாக்டர்கள் இதற்கு ஷ்வார்ட்ஸ் ஸ்கோர் என்று புள்ளி போடுவார்கள். க்யூடிசி 480க்கு மேல் இருந்தால் 3 புள்ளி, ஓட்டத்திலோ பயத்திலோ மயங்கி விழுந்திருந்தால் 2 புள்ளி. 3.5 தொட்டாலே நோய் இருப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்பது கணக்கு. என் அளவு சரியென்றால் உங்கள் மகள் 5இல் நிற்கிறாள்.

ஃபிட்ஸ் என்று சொன்னது ஏன் என்பதும் புரிகிறது. இதயம் சில நொடி ரத்தம் அனுப்பாவிட்டால் மூளை தவித்துக் கை கால் வெட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வலிப்புதான். வித்தியாசம் முன்னும் பின்னும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவள் வெட்டிய மரமாக விழுந்து, முகம் வெளிறி, ஒரு நிமிடத்துக்குள் தெளிந்து "என்னம்மா ஆச்சு" என்று கேட்டாளா? இதயத்தைச் சந்தேகியுங்கள். நாக்கின் ஓரத்தைக் கடித்து, விழித்த பிறகும் அரை மணி நேரம் ஆளைத் தெரியாமல் தூங்கி வழிந்தாளா? வலிப்பு. பள்ளியில் அன்று பக்கத்தில் நின்ற டீச்சரிடம் இதைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஸ்கேனும் சொல்லாததை அந்த டீச்சர் சொல்லக்கூடும். வால்ப்ரோயேட்டை நீங்களாக நிறுத்த வேண்டாம். சட்டென்று நிறுத்துவது வேறு வம்பு. நரம்பு டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

இந்த வாரமே ஸ்டான்லி இதயப் பிரிவுக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போங்கள். எக்கோவும் டாக்டர் மேற்பார்வையில் ட்ரெட்மில்லும் கேட்பார்கள். ட்ரெட்மில்லில் ஓடி முடித்து இறங்கிய பிறகு நாலாவது நிமிடத்தில் எடுத்த க்யூடிசி முக்கியம். அதற்குள் எழுந்து போகச் சொன்னால், "நாலு நிமிடம் ஆகட்டும் டாக்டர்" என்று நீங்களே சொல்லலாம், தப்பில்லை. ட்ரெட்மில் இன்னொரு வேலையும் செய்யும். சிபிவிடி என்று ஒரு நோய் உண்டு. அதில் படுத்திருக்கும்போது ஈசிஜி கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும், ஓடினால்தான் துடிப்பு தடம் புரளும். நீச்சல் தெரிந்த இளைஞன் தண்ணீரில் போவதற்கு லாங் க்யூடியின் முதல் வகையும் (மேலே சொன்ன கேசிஎன்க்யூ1 பழுது) இந்த சிபிவிடியும்தான் பெயர் போனவை.

மருந்து, லாங் க்யூடி என்று உறுதியானால், ப்ரொப்ரனலால். பழைய மருந்து, மலிவு, நன்றாக வேலை செய்யும். நாடோலால் இன்னும் நல்லது, ஆனால் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. மெட்டோப்ரலால் இந்த நோய்க்கு அந்த அளவு கைகொடுப்பதில்லை, 'ஒரே குடும்பத்து மாத்திரைதானே' என்று கடைக்காரர் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். ப்ரொப்ரனலால் குழந்தையின் எடையைப் பார்த்து ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வரை, பிரித்துக் கொடுப்பது வழக்கம். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீசிங் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் வகை லாங் க்யூடியில் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கும் விபரீதம் நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் அன்று மாத்திரையை விட்டிருப்பார்கள், அல்லது சாப்பிடக் கூடாத வேறு மருந்தைச் சாப்பிட்டிருப்பார்கள். மாத்திரை போட்டும் மயங்கி விழுகிறவர்களுக்கும், ஒரு தடவை இதயம் நின்று பிழைத்தவர்களுக்கும்தான் நெஞ்சில் ஐசிடி கருவி (துடிப்பு தடம் புரண்டால் ஷாக் கொடுத்துச் சரிசெய்வது) வைப்பதைப் பற்றிப் பேச்சு வரும்.

சாப்பிடக் கூடாத மருந்துகள் நம் பக்கத்து மெடிக்கல்களில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பவை. வயிறு எரிகிறது என்றால் தரும் பான்டப்ரசோல் மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு வரும் டோம்பெரிடோன். குழந்தை வாந்திக்கு ஆன்டான்செட்ரான் சிரப். சளி இருமலுக்கு மூன்று நாள் அசித்ரோமைசின். பேதிக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின். படைக்கு ஃப்ளூகோனசோல். இவை ஒவ்வொன்றும் க்யூடியை நீட்டும். பாரசிட்டமால் போடலாம், அமாக்சிசிலின் போடலாம், பான்டப்ரசோலைத் தனியாகப் போடுவதானாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி பேதியில் பொட்டாசியம் இறங்குவது தனி ஆபத்து, ஓஆர்எஸ்ஸும் இளநீரும் உடனே தொடங்க வேண்டும், நாலு தடவைக்கு மேல் போனால் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மருந்துப் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பள்ளி டைரியில் ஒட்டுங்கள், இன்னொன்று உங்கள் பர்ஸில் இருக்கட்டும். முழுப் பட்டியல் கிரெடிபிள்மெட்ஸ் இணையதளத்தில் இருக்கிறது.

இப்போது ஜீன் டெஸ்ட்.

எச்சில் ஸ்கோர் வேண்டாம். ஐந்து பேருக்கு வேண்டாம், தள்ளுபடியிலும் வேண்டாம். உங்கள் வீட்டில் இப்போது எடுக்க வேண்டியது ஒரே ஒருவருக்கு, நோய் வெளிப்பட்டு நிற்கும் மகளுக்கு. ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் மூன்று நாலு மில்லி ரத்தம் போதும். தம்பியின் போஸ்ட்மார்ட்டத்தில் ரத்தம் எடுத்து வைத்திருந்தால் அதிலும் பார்த்திருக்கலாம், மூழ்கியதாக எழுதி முடித்த கேஸ்களில் யாரும் வைப்பதில்லை. அவனுக்காகத் தேடும் பதிலும் இனி உங்கள் மகள் ரத்தத்தில்தான் இருக்கிறது.

ஏன் ஆரோக்கியமானவரிடம் தொடங்கக் கூடாது? உங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு முதலில் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், அவனுக்குப் பழுது இல்லையா, அல்லது உங்கள் குடும்பத்துப் பழுதை அந்த டெஸ்ட்டால் பிடிக்கவே முடியவில்லையா? தெரியாது. மகளிடம் பழுது ஜீன் வரிசையின் எந்த எழுத்தில் என்று கண்டுபிடித்த பிறகு, அந்த ஒரே எழுத்தை மட்டும் மற்றவர்களிடம் தேடலாம். அது செலவிலும் கொஞ்சம், பதிலும் ஆம் இல்லை என்று நேராக வரும். அப்படி இல்லை என்று வந்தவர் இந்த பயத்திலிருந்து முழுக்க விடுதலை, வருடா வருடம் ஈசிஜிக்கு அலைய வேண்டாம். என்னைக் கேட்டால் ஜீன் டெஸ்ட்டின் பெரிய லாபமே இதுதான், லேப் விளம்பரத்தில் இதைப் போடுவதில்லை.

எந்த ஜீன்கள்? வழக்கமான லாங் க்யூடிக்குச் சந்தேகமற்ற ஆதாரம் உள்ளவை மூன்று: கேசிஎன்க்யூ1, கேசிஎன்ஹெச்2, எஸ்சிஎன்5ஏ. முதலாவது ஓட்டத்திலும் நீச்சலிலும் கவிழ்க்கும், இரண்டாவது அலாரம், போன் மணி போன்ற திடீர்ச் சத்தத்தில், மூன்றாவது தூக்கத்தில். உங்கள் குடும்பக் கதை முதலாவதை நோக்கிக் கை நீட்டுகிறது. சிபிவிடிக்காக ஆர்ஒய்ஆர்2 ஜீனையும் சேர்க்கச் சொல்லுங்கள். '200 ஜீன் பேனல்' என்று விற்பதில் லாபம் அவர்களுக்கு, தலைவலி உங்களுக்கு. ஜீன் கூடக் கூட, 'பொருள் உறுதியில்லாத மாற்றம்' என்ற வரிகளும் ரிப்போர்ட்டில் கூடும்.

ஓர் உதாரணம். எம்ஒய்பிபிசி3 என்ற ஜீனில் 25 எழுத்து விடுபட்டிருப்பது இந்தியர்களில் நூற்றுக்குச் சுமார் நாலு பேரிடம் இருக்கிறது என்று 2009இல் வெளியானது. இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு, ஆனாலும் அதை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். பெரிய பேனல் எடுத்தால் அது உங்கள் தாளிலும் வந்து நிற்கலாம். உங்கள் தம்பி சாவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு வீடே தூக்கம் கெடும். உலக ஜீன் கிடங்குகளில் நம்மவர்கள் கணக்கு குறைவு. நம்மில் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரிந்து, சந்தேகப் பட்டியலில் ஏறிவிடுகிறது.

ரிப்போர்ட்டில் மாற்றங்களை ஐந்து படியாகப் பிரிப்பார்கள். மேல் இரண்டு படி, 'நோய் தருவது', 'நோய் தரக்கூடியது', வந்தால் மட்டுமே குடும்பத்தாரிடம் தேட வேண்டும். நடுப்படி, அந்தப் 'பொருள் உறுதியில்லாத மாற்றம்', வந்தால் அதை வைத்து யாருக்கும் மருந்து தொடங்கவும் கூடாது, யாரையும் 'உனக்கில்லை' என்று அனுப்பவும் கூடாது. ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். உறுதியான லாங் க்யூடியிலேயே நாலைந்தில் ஒருவருக்கு ஜீனில் எதுவும் அகப்படுவதில்லை. அப்போதும் மகளுக்கு மருந்து தொடரும், ஏனென்றால் நோயைச் சொன்னது ஈசிஜியும் மயக்கமும்.

பழுது கிடைத்தால் அடுத்து நீங்களும் உங்கள் கணவரும். மகளுக்கு அது யார் வழியாக வந்தது என்பதை, மாமன் மகனைக் கட்டியிருப்பதால், ஊகித்துச் சொல்ல முடியாது. பிறகு மகளோடு பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள், அம்மா, மாமனார், அக்கா குடும்பம், பெரியம்மா பிள்ளைகள். ஒரு பிரதி பழுதுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழுது இருப்பவர்களில் நாலில் ஒருவருக்காவது ஈசிஜி சாதாரணமாகவே இருக்கும். பெரியவர்களுக்கான பல நோய்களில் குழந்தைக்கு ஜீன் டெஸ்ட் வேண்டாம் என்போம். இதில் தள்ளிப் போடக் கூடாது, ஆபத்தும் மருந்தும் சின்ன வயதிலேயே தொடங்குவதால். 'யார் வீட்டு ரத்தம்' என்று பேச்சு கிளம்பும், உங்கள் அம்மா மேல்தான் முதலில் பாயும். உங்கள் இரண்டு வீட்டுக்கும் அந்த ரத்தம் ஒன்றுதான் என்று நினைவூட்டுங்கள்.

'யாருக்கு வரும் என்று சொல்லிவிடுமா' என்று கேட்டீர்கள். யாரிடம் பழுது இருக்கிறது என்று சொல்லும். அதே பழுதோடு பாட்டி 80 வயது வரை மீன் கூடை சுமந்திருக்கலாம், பேரன் 17இல் போயிருக்கலாம். வயது, ஆணா பெண்ணா, க்யூடிசி நீளம், எந்த ஜீனில் எந்த இடம், என்ன வேலை செய்கிறார், என்ன மருந்து சாப்பிடுகிறார், இத்தனையும் சேர்ந்துதான் ஆபத்தின் அளவு. 500க்கு மேல் க்யூடிசி உள்ளவரைப் பற்றி ஒரு மாதிரி கவலைப்படுவோம், 440 உள்ளவரைப் பற்றி வேறு மாதிரி.

அப்பாவின் கதை தனி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஒரே ஜீன் குற்றவாளி என்பது மிக அபூர்வம். 2007இல் ஐஸ்லாந்து மக்களிடம் 4ஆம் குரோமோசோமில் பிட்எக்ஸ்2 ஜீனுக்குப் பக்கத்தில் முதல் தடயம் கிடைத்தது. பிறகு நூற்றுக்கு மேல் சின்னச் சின்ன இடங்கள் சேர்ந்தன. அவற்றைக் கூட்டித்தான் அந்த லேப் 'ஸ்கோர்' தருகிறது. கூட்டலின் அடிப்படை பெரும்பாலும் ஐரோப்பியர்களின் ரத்தம், நமக்கு அப்படியே பொருந்தாது. பொருந்தினாலும் அப்பாவுக்கு வந்துவிட்ட நோயை வரலாம் என்று சொல்லி என்ன பயன்? அவருக்கு வேண்டியது தைராய்டு டெஸ்ட், வால்வு பார்க்க எக்கோ, பிரஷர் கட்டுப்பாடு, பக்கவாதத்தைத் தடுக்க ரத்தம் உறையாமைக்கான மருந்து. பக்கவாத ஆபத்துக்கு டாக்டர்கள் போடும் புள்ளியில், 65 தாண்டியதற்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மூன்று புள்ளி ஆகிறது. அந்த மருந்து தொடங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கணவர் விஷயம். அவருடைய முடிவு தெரியும் வரை, ப்ரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்டால் அறுத்துவிட அவர் தண்ணீரில் குதிக்க வேண்டாம், படகில் வேறு ஆள் இறங்கட்டும். படகின் மருந்துப் பெட்டியில் வாந்தி மாத்திரை என்று பெரும்பாலும் டோம்பெரிடோனோ ஆன்டான்செட்ரானோதான் கிடக்கும். பத்து நாள் கடலில் வாந்தியெடுத்து, சரியாகச் சாப்பிடாமல், அதையும் போட்டுக்கொள்வது மூன்று ஆபத்தை ஒன்றாக அடுக்குவது. மகள் இப்போதைக்குக் கடலில் இறங்கவே கூடாது, பள்ளியில் ஓட்டம் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். மருந்து பிடித்த பிறகு எதை மறுபடி அனுமதிக்கலாம் என்று டாக்டர் சொல்வார், பலருக்கு விளையாட்டு திரும்பக் கிடைக்கிறது. அவள் மறுபடி விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியில்லை என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டோ கையில் இரும்பு கொடுத்துக்கொண்டோ நிற்காதீர்கள். ஒருவர் 108க்கு அடிக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்தினம் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் குறுக்குக் கோடு, பக்கத்தில் வயதும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. குழந்தையாக இருக்கும்போதே போனவர்கள், காது கேளாதவர்கள், 'வலிப்பு' என்று சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டால் உங்களுக்குத் தெரியாத ஒருவராவது வருவார். மகளின் ஈசிஜியை இன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அது சூட்டில் அச்சாகும் தாள், பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தால் சில மாதத்திலேயே வெளுத்துப் போகும்.